புளி போட்டதும் நுரைத்த லேப்டாப் மூடி

போன ஐப்பசியில் தொடங்கிய வேலை, மாசியில்தான் முடிந்தது. ஒரு பதினான்கு இன்ச் லேப்டாப்பின் மூடியில் இருந்த பழைய பெயின்ட்டை உரித்து எடுத்துவிட்டுப் புதிதாக அடிக்க வேண்டும், அவ்வளவுதான். சனி, ஞாயிறு இரண்டே நாளில் முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

லேப்டாப் பழையது. சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டாக 16,000 ரூபாய்க்கு வாங்கியது. உள்ளே எல்லாம் நன்றாக இருக்கிறது, கீபோர்டு இன்றைக்கு வருகிற எதையும்விட மேல். மூடியின் மேல்பூச்சுதான் பிரச்சினை. புதிதில் ரப்பர் மாதிரி மெத்தென்று இருந்திருக்கும். இந்த வகைப் பூச்சு ஈரக்காற்றில் வருஷக்கணக்காக இருந்தால் சிதைந்து இளகிவிடும். நாங்கள் இருப்பது திருவான்மியூர், கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். தொட்டால் வெல்லப்பாகைத் தொட்ட மாதிரி விரல் ஒட்டியது. பையின் நூல், தலைமுடி, பிஸ்கட் தூள் எல்லாம் அதில் ஒட்டிக் குடியேறியிருந்தன.

முதலில் கழற்றல். பேட்டரியை எடுத்துவிட்டு, ஸ்கிரீனைச் சுற்றியுள்ள சட்டத்தை நெம்பி எடுத்து, டிஸ்பிளேவைப் பிரித்து, கீல்களின் ஸ்க்ரூவைக் கழற்றினால் மூடி தனியாகக் கையில் வரும். ரிச்சி தெருவில் இதை 'ஏ பேனல்' என்பார்கள். ஸ்க்ரூக்களைப் போட்டுவைக்க அப்பாவின் பழைய மாத்திரை டப்பா கிடைத்தது, ஞாயிறு முதல் சனி வரை ஏழு அறை. கீல் ஸ்க்ரூ திங்கட்கிழமையில், டிஸ்பிளே ஸ்க்ரூ செவ்வாயில் என்று போட்டேன். வைஃபை ஆன்டெனா ஒயர்கள் எந்த வழியாகப் போகின்றன என்பதை மட்டும் ஆறு போட்டோ எடுத்தேன். திரும்ப மாட்டும்போது அவைதான் காப்பாற்றின. சமையலறைத் தராசில் வெற்று மூடியின் எடை 168 கிராம். அந்த எண்ணை ஏனோ எழுதி வைத்தேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

பிசுபிசுப்பை எடுக்க ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் போதும். அரை லிட்டர் 220 ரூபாய். பழைய பனியனில் நனைத்து ஐந்து நிமிடம் மேலே போர்த்தி வைத்துவிட்டு, காலாவதியான ஏடிஎம் கார்டால் வழித்தால் கரும்பசையாகச் சுருண்டு வருகிறது. இதற்கே மூன்று மணி நேரம் போனது. அடியில் கெட்டியான கறுப்பு பெயின்ட் இன்னொரு அடுக்கு. அது ஆல்கஹாலுக்கு மசியவில்லை.

ஹார்டுவேர் கடையில் அரை லிட்டர் பெயின்ட் ரிமூவர் 180 ரூபாய்க்கு வாங்கி, மொட்டை மாடியில் வைத்துத் தடவினேன். இது முரட்டுச் சரக்கு. கையுறையைத் தாண்டி மணிக்கட்டில் ஒரு சொட்டு பட்டது, மிளகாய் பட்ட மாதிரி எரிந்தது. வீட்டுக்குள் இதைத் திறக்கவே கூடாது. தடவி, மேலே பாலிதீன் போட்டு மூடிப் பத்து நிமிடம் விட்டால், பெயின்ட் பாலாடை மாதிரி சுருங்கி எழும்பி நிற்கிறது. ஏடிஎம் கார்டையே இது கரைத்துவிட்டது, மரக் கரண்டிக்கு மாறினேன்.

முதல் தவறு இங்கேதான் நடந்தது. மூடியின் மேல்விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்கு உலோகமே கிடையாது, பிளாஸ்டிக் பட்டை. ஆன்டெனா அதன் அடியில்தான் உட்காருகிறது. உலோகத்துக்குள் வைத்தால் சிக்னல் வெளியே போகாதே. எல்லாமே ஒரே கறுப்பாக இருந்ததால் எனக்கு அந்த எல்லை கண்ணில் படவில்லை. ரிமூவர் அதன் மேல் வழிந்து, பட்டையின் ஒரு முனை நனைந்த அப்பளமாகிவிட்டது. எம்-சீல் வைத்து நிரப்பி, ஒரு நாள் காயவிட்டு, தேய்த்து மட்டம் செய்தேன். உரிக்கும் முன் டார்ச்சை உள்பக்கம் பிடித்துப் பார்த்திருந்தால் எது பிளாஸ்டிக், எது உலோகம் என்று தெரிந்திருக்கும். இரண்டு நிமிட வேலை.

பெயின்ட் போனதும் அடியில் மந்தமான சாம்பல் நிறம். ஏதோ அழுக்கு, இல்லாவிட்டால் பெயின்ட்டுக்கு அடியில் பூசும் பழைய பிரைமரின் மிச்சம் என்று நினைத்துக்கொண்டேன். 320 நம்பர் உப்புத்தாளில் தேய்த்தால் பளிச்சென்று வெள்ளி மாதிரி வெளியே வந்தது. சும்மா சொல்லக்கூடாது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. முழு மூடியையும் அப்படியே மின்ன வைக்க முடிவு செய்து இரண்டு மணி நேரம் தேய்த்தேன். ஓரங்களில் கை போகவில்லை. டிரில்லில் கம்பி பிரஷ் மாட்டி ஒரே பிடியாகப் பிடிக்கலாம் என்று டிரில்லை எடுத்து வந்து வைத்தேன்.

அப்போதுதான் அம்மா துணி காயப்போட மாடிக்கு வந்தார். "ஏன்டா இப்படிக் கிடந்து தேய்க்கிற? சொம்பு தேய்க்கற மாதிரி கொஞ்சம் புளி போட்டுத் தேயேன்."

தவறான யோசனை என்று அப்போது தோன்றவில்லை. ஊறவைத்த புளியைக் கொண்டுவந்து வலது மூலையில் அப்பினேன். ஐந்து விநாடி ஒன்றுமில்லை. பிறகு ஓரத்தில் கடுகை விடச் சிறிய குமிழிகள் வரிசை கட்டின, அப்புறம் மொத்தப் புளியும் ஈனோ போட்ட டம்ளர் மாதிரி நுரைக்கத் தொடங்கியது. காதைக் கிட்டே கொண்டுபோனால் சன்னமாக ஒரு 'ஸ்ஸ்'. அம்மா ஈரத்துணியோடு இரண்டு அடி பின்னால் போனார். நான் பக்கெட் தண்ணீரை எடுத்து மேலே ஊற்றினேன். புளி இருந்த இடம் கருஞ்சாம்பலாகக் கறுத்திருந்தது.

அலுமினியம் புளிக்கு இப்படிப் பொங்காது. உள்பக்கம் ஒட்டியிருந்த கறுப்புத் துணி டேப்பைத் தூக்கிப் பார்த்தேன். வார்ப்பிலேயே பொறித்திருந்தது: ஏஇசட்91டி. மெக்னீசியம் கலவை. அதில் அலுமினியம் நூற்றுக்கு ஒன்பது, துத்தநாகம் ஒன்று, மீதி எல்லாம் ஏறக்குறைய மெக்னீசியம்தான். எழுதி வைத்த 168 கிராமுக்கும் அப்போது அர்த்தம் கிடைத்தது. இதே மூடி அலுமினியத்தில் இருந்தால் கிட்டத்தட்ட 250 கிராம் வந்திருக்கும்.

டிரில்லை அப்படியே எடுத்துக்கொண்டு போய் அலமாரியில் வைத்துவிட்டேன். மெக்னீசியத்தின் உலர்ந்த தூளும் சுருளும் ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது, இன்னும் மோசமாக எரியும், காய்ந்த மணல்தான் போட வேண்டும். கம்பி பிரஷ்ஷோடு ஓடும் டிரில், பக்கத்தில் திறந்திருக்கும் ஆல்கஹால் பாட்டில், சுற்றிலும் மெக்னீசியத் தூள். அம்மாவின் புளி யோசனை தப்புதான், ஆனால் அந்த நேரத்தில் அவர் மாடிக்கு வந்தது நல்லதாகப் போயிற்று. அதன் பிறகு தேய்த்ததெல்லாம் கையால், தண்ணீர் தொட்டு, வாட்டர் பேப்பரில்தான். அந்த ஈரச் சேற்றையும் மூடி போட்ட டப்பாவில் அடைத்து வைக்கக் கூடாது, மெதுவாக ஹைட்ரஜன் விட்டுக்கொண்டே இருக்கும்.

இவ்வளவு தெரிந்த பிறகாவது நிதானித்திருக்க வேண்டும். இல்லை. கழுவினேன், துடைத்தேன், இரவு அப்படியே விட்டேன். காலையில் பார்த்தால் மினுமினுப்பு போய்ப் புகை படிந்த கண்ணாடி போல இருந்தது, என் கட்டைவிரல் ரேகை ஒன்று கறுப்பாகப் பதிந்திருந்தது. மறுபடி, இன்னும் நைசான 600 நம்பர் தாளில் தேய்த்தேன். மேட் பிளாக் ஸ்ப்ரே டப்பா இரண்டு வாங்கியிருந்தேன், ஒன்று 280 ரூபாய். எல்லா உலோகத்துக்கும் ஏற்றது என்று மேலே போட்டிருந்தது. பிரைமர் வேண்டாம் என்று நானே தீர்மானித்து, நேரடியாக அடித்தேன்.

அன்றைக்கு மழை விட்டு இரண்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது. அறையிலிருந்த குட்டி மீட்டர் ஈரப்பதம் 84 காட்டியது. மூன்றாவது கோட் காயும்போதே கறுப்பு வெளுத்துப் பூத்துப்போனது. மாவு படிந்த கரும்பலகை மாதிரி. அதையும் கண்டுகொள்ளாமல், 'மேட் ஃபினிஷ் இப்படித்தான் இருக்கும் போல' என்று மனதைத் தேற்றி, இரண்டாம் நாளே மாட்டி, டவலில் சுற்றி வைத்தேன். டவலின் நெசவு கட்டம் கட்டமாக மூடியில் பதிந்தது.

பத்தொன்பதாம் நாள் புளி போட்ட மூலையில் ஒரு கொப்புளம். நகத்தால் கீறினேன். பெயின்ட் பிளாஸ்டிக் தாள் மாதிரி உரிந்து வந்தது, அடியில் திருநீறு மாதிரி வெள்ளைப் பொடி. விரலில் தொட்டு நெற்றியில் இட்டுக்கொள்ளாத குறை. மார்கழி பிறப்பதற்குள் நான்கு மூலையும் கொப்புளம்.

அப்போதுதான் மூடியைத் திருப்பி உள்பக்கத்தை ஒழுங்காகப் பார்த்தேன். உள்ளே பெயின்ட்டே கிடையாது. வெறும் சாம்பல் நிற உலோகம். இந்தக் கடற்காற்றில் இத்தனை வருஷம் இருந்தும் ஒரு புள்ளி வெள்ளைப் பொடி இல்லை. வெளியே நான் பழைய பிரைமர் மிச்சம் என்று நினைத்துத் தேய்த்து எடுத்ததும் இதே சாம்பல்தான். அது அழுக்கும் இல்லை, பிரைமரும் இல்லை. வார்த்த பிறகு ரசாயனக் குளியலில் முக்கி உலோகத்தின் மேலேயே உண்டாக்குகிற மெல்லிய தோல். துரு ஏறாமல் காப்பதும் பெயின்ட்டைப் பிடித்துக்கொள்வதும் அதுதான். இரண்டு மணி நேரம் வியர்க்க வியர்க்க உட்கார்ந்து அதைத்தான் உரித்திருக்கிறேன்.

எங்கள் தெரு முனையைத் தாண்டி ஒரு ஷெட்டில் கார் பெயின்ட் வேலை நடக்கும். அங்கே இருக்கும் அண்ணனிடம் மூடியைக் கொண்டுபோய்க் காட்டினேன். மின்னிய இடத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பளபளன்னு தேய்ச்சா அது பாத்திரம் சார். பெயின்ட்டுக்குக் கொஞ்சம் சொரசொரப்பு வேணும். அதுவும் இந்த மாதிரி உலோகத்துக்கு ஸ்ப்ரே டப்பா பிடிக்காது. எபாக்ஸி பிரைமர் அடிக்கணும். பழசை எடுத்துட்டு, சுத்தமாத் துடைச்சு, அன்னிக்கே எடுத்துட்டு வாங்க. ராத்திரி தங்க விடாதீங்க."

மழைக்காலம் முடியட்டும் என்று காத்திருந்தேன். இந்த வேலையில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அந்தக் காத்திருப்புதான்.

மாசி முதல் வாரம், ஈரப்பதம் 58. காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தேன். டப்பா பெயின்ட்டை எடுக்க ரிமூவர் தேவைப்படவில்லை, தின்னர் நனைத்த துணிக்கே கரைந்து வந்துவிட்டது. பிளாஸ்டிக் பட்டையில் மட்டும் தின்னர் படாமல் இரண்டு அடுக்கு மாஸ்கிங் டேப். வெள்ளைப் பொடி இருந்த மூலைகளைப் பாத்திரம் தேய்க்கும் பச்சை ஸ்கிரப்பரால், பொடி போகும் வரை மட்டும் தேய்த்தேன். சாம்பல் தோல் மிச்சமிருந்த ஓரங்களைத் தொடவில்லை. 320-இல் லேசாக ஒரு சுற்று, நடுவில் மட்டும். பிறகு ஆல்கஹாலில் இரண்டு முறை துடைத்து, ஹேர் டிரையர் காட்டி, கையுறை போட்ட கையோடு பட்டர் பேப்பரில் சுற்றி ஸ்கூட்டரில் எடுத்துப் போனேன். கடைசித் துடைப்புக்கும் முதல் பிரைமருக்கும் நடுவில் நாற்பது நிமிடம்.

ஆக, பிரைமர் வீட்டில் அடிக்கவில்லை, அதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எபாக்ஸி பிரைமர் இரண்டு டப்பாவாக வரும், கலந்த பிறகு சில மணி நேரத்தில் இறுகிவிடும். என் மூடிக்குத் தேவை ஐம்பது மில்லிகூட இல்லை, இரண்டு டப்பாவும் வாங்கி ஒரு கம்ப்ரசரும் வாங்குவது மடத்தனம். அண்ணன் ஏதோ பம்பருக்குக் கலந்ததில் மிச்சத்தை எடுத்து, குட்டி ஸ்ப்ரே கன்னில் இரண்டு கோட் அடித்தார். 300 ரூபாய். பத்து நிமிட வேலை, கை ஒரே சீராகப் போய் ஓரம் தாண்டித்தான் திரும்பியது. நான் விளிம்பிலேயே கையைத் திருப்பியதால்தான் என் விளிம்புகளில் பெயின்ட் வழிந்திருந்தது என்பதை அங்கே நின்று பார்த்துத்தான் கற்றேன்.

கலர் என்ன என்று கேட்டவர், மெட்டாலிக் சில்வர் அடித்தால் கம்பீரமாக இருக்கும் என்றார். அதில் அலுமினியத் துகள் இருக்கும், ஆன்டெனா பட்டை மேல் அதைப் பூச எனக்கு மனமில்லை. துகள் இல்லாத ஆலிவ் பச்சை, மேட். டப்பா 350 ரூபாய். அதன் மேல் மேட் கிளியர், அதாவது நிறமில்லாத மேல்பூச்சு, 380. காருக்கு அடிக்கிற ஹார்ட்னர் கலந்த கிளியர் இதைவிட உறுதி, சந்தேகமே இல்லை. ஆனால் அதில் மூச்சுக்கு ஆகாத ஐசோசயனேட் இருக்கிறது, வீட்டு மாடியில் என் மாஸ்க்கை நம்பி அடிக்கிற பொருள் இல்லை. மாஸ்க் என்றதும் நினைவுக்கு வருகிறது. முதல் சுற்றில் துணி மாஸ்க் கட்டிக்கொண்டு அடித்தேன், ராத்திரி மூக்குச் சிந்தினால் கறுப்பு. இந்த முறை கரி வடிகட்டி வைத்த மாஸ்க், 900 ரூபாய். இந்த வேலையின் மிகப் பெரிய செலவு இதுதான், இதில் கஞ்சத்தனம் கூடாது.

அடிப்பதற்கு முன் ஸ்க்ரூ துளைகள் எல்லாவற்றிலும் பழைய ஸ்க்ரூக்களைத் திருகிவிட்டேன். முதல் சுற்றில் துளைக்குள் பெயின்ட் இறங்கி, ஸ்க்ரூ பாதியிலேயே நின்றது. கீல் உட்காரும் இடம், ஆன்டெனாவின் தகடு உலோகத்தைத் தொடும் இடம் இரண்டும் டேப்பில். அங்கே உலோகம் உலோகத்தைத் தொட வேண்டும், நடுவில் பெயின்ட் வரக்கூடாது.

டப்பாவை வெந்நீரில் ஐந்து நிமிடம் வைத்து, இரண்டு நிமிடம் குலுக்கி, ஒரு சாண் தூரத்தில் பிடித்து அடித்தேன். முதல் கோட்டில் பிரைமர் தெரிய வேண்டும், தெரிந்தாலும் பரவாயில்லை என்று கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். அதுதான் கஷ்டம். பத்து நிமிட இடைவெளியில் மூன்று கோட். அருமையாக வந்தது. மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது ஓரத்தில் ஒரு இடம் மெலிசாகத் தெரிந்தது. ஒரு கோட் போடலாமே என்று நாலு மணி நேரம் கழித்துப் போட்டேன். என் கண் முன்னாலேயே அந்த இடம் முதலைத் தோல் மாதிரி சுருங்கியது.

டப்பாவின் பின்புறம் எறும்பு எழுத்தில் போட்டிருக்கிறது: ஒரு மணி நேரத்துக்குள் அடி, இல்லாவிட்டால் ஒரு நாள் கழித்து அடி. இடைப்பட்ட நேரத்தில் மேல்தோல் மட்டும் காய்ந்திருக்கும், புது பெயின்ட்டின் தின்னர் அதை அடியிலிருந்து இளக்கிவிடும். இரண்டு நாள் விட்டு, 600-இல் தண்ணீர் தொட்டுச் சுருக்கத்தை மட்டம் செய்து, மறுபடி இரண்டு மெல்லிய கோட். மாலை ஐந்தரைக்கு அடித்ததால் ஒரு கொசு சரியாக நடுவில் வந்து உட்கார்ந்து உயிர்விட்டது. ஈரத்தில் அதை எடுக்கப் போயிருந்தால் பள்ளம் விழுந்திருக்கும். மறுநாள் காய்ந்த பிறகு விரல்நுனியால் தட்டினேன், உடம்பு போயிற்று. ஒரு கால் மட்டும் போகவில்லை. 1000 பேப்பரில் லேசாகத் தேய்த்துவிட்டு கிளியர் அடித்தேன். சாய்த்துப் பார்த்தால் அந்தக் கால் இன்னும் தெரியும், எனக்கு மட்டும்.

காயவைக்கத் தம்பியின் கார் உதவியது. வெயிலில் நிற்கும் காரின் பின்சீட்டில், அட்டை மேல், மூன்று மதியம். உள்ளே 54 டிகிரி போனது. அதற்கு மேலும் ஒரு வாரம் பீரோ மேல் வைத்திருந்து, உள்விளிம்பில் நகத்தை அழுத்தி, தடம் விழாததைப் பார்த்த பிறகுதான் மாட்டினேன். மாட்டும்போது ஸ்கிரீன் சட்டம் ஒரு பக்கம் உட்கார மறுத்தது. வெர்னியர் வைத்துப் பார்த்தால், உரித்த பிறகு 1.20 மில்லிமீட்டர் இருந்த விளிம்பு இப்போது 1.34. கொக்கிகள் விழும் இடத்தில் மட்டும் பிளேடால் சுரண்டிவிட்டு, சுரண்டிய இடத்தில் நெயில் பாலிஷ் தொட்டு மூடினேன். திறந்த மெக்னீசியத்தை இனி நம்புவதாக இல்லை. வைஃபை சிக்னல், அதே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் முன்பு மைனஸ் 51 dBm, இப்போது மைனஸ் 52, ஏறக்குறைய அதேதான்.

உப்புத்தாள், டேப், கையுறை, எம்-சீல் எல்லாம் சேர்த்து இந்த வேலைக்கு ஆன மொத்தச் செலவு 3,200 ரூபாய். அதில் வீணாய்ப்போன கறுப்பு டப்பாக்கள் 560. ரிச்சி தெருவில் விசாரித்தபோது இதே மாடலுக்குக் கீறல் விழுந்த ஏ பேனல் 1,500-க்குத் தருவதாகச் சொன்னார்கள். மூடி உரித்து முடித்த பிறகுதான் விசாரித்தேன்.

அடுத்து, கீபோர்டுக்குக் கீழே உள்ளங்கையை வைக்கும் பகுதியும் பிசுபிசுக்க ஆரம்பித்திருக்கிறது. அதில் ரிமூவர் எடுக்கப் போவதில்லை. ஆல்கஹாலில் ரப்பர் பூச்சை மட்டும் வழித்துவிட்டு, அடியிலுள்ள கெட்டிப் பெயின்ட்டை அப்படியே விட்டு, 600-இல் சொரசொரப்பாக்கி அதன் மேலேயே அடிக்கலாம் என்று இருக்கிறேன். மூடிக்கும் அது போதுமாக இருந்திருக்கும்.

போன வாரம் துடைக்கும்போது, வலது மூலையில், அதே புளி மூலையில், கடுகளவு ஒரு மேடு தட்டுப்பட்டது. தூசியா கொப்புளமா தெரியவில்லை. சுற்றி வெள்ளை பென்சிலால் வட்டம் போட்டு, தேதி எழுதி வைத்திருக்கிறேன். இன்றைக்கு வரை வட்டத்துக்குள்தான் இருக்கிறது.